வீட்டில் குழாய் இருந்தும்

போன வருஷம் கோடையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கத்தில், எங்கள் தெருவில் நடந்தது இது. கணவர் போன பிறகு வீட்டில் மகனும் நானும்தான். அவனுக்குச் சிப்காட்டில் கம்பெனி வேலை. வந்தால் சாப்பாடு, செல்போன், தூக்கம். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்ல மாட்டான் புண்ணியவான்.

தெருக்குழாயில் நின்று இடுப்பு ஒடிகிறது என்று நான் நச்சரித்ததால், போனஸ் வந்ததும் வீட்டுக்குள்ளேயே குழாய் போட்டு, மாடியில் தொட்டியும் வைத்துக் கொடுத்தான். முதல் வாரம் மகாராணி மாதிரி இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, குழாயடியில் போட்ட சண்டைகூட எனக்குப் பேச்சுத்துணையாக இருந்திருக்கிறது என்று. சில நாள் பொழுது சாயும்வரை வாயே திறந்திருக்க மாட்டேன். ஒருநாள் கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டபோது குரலே எழும்பவில்லை. பயந்துபோனேன்.

மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குக் கிளம்பிவிட்டேன். வீட்டில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று ஒரு பொய். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் மாமியார் ரகளை என்று காதில் விழும். நானும் நாலு வார்த்தை பேசுவேன். பிடித்த தண்ணீரைக் கொண்டுவந்து வாசல் முருங்கைக்கு ஊற்றிவிடுவேன்.

ஒருநாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் கடைசி வீட்டுப் பெண். ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். என் குடம் நிறைந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது. வெறும் குடத்தோடு திரும்பியவள், நான் மரத்துக்கு ஊற்றுவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது? ஊட்டுக்குள்ளயே கொயா வெச்சிக்கினு, லைன்ல வந்து புடிச்சி மரத்துக்கு ஊத்திக்கினு கீற? எங்கள பாத்தா இன்னா லூசு மாதிரி தெரியுதா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "பேச ஆளில்லம்மா, அதான் வந்து நிக்கறேன்" என்றேன். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. அவள் குடத்தை வாங்கி எங்கள் குழாயில் நிரப்பிக் கொடுத்தேன். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்தமுறை தண்ணீர் விட்டபோது நான் போகவில்லை. குடங்கள் இடிபடுவதையும் அவர்கள் சிரிப்பதையும் கேட்டபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்து நின்றாள். தண்ணீருக்குத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து ஓடி, "குடம் எங்கம்மா?" என்றேன்.

"தண்ணிக்கு வர்லக்கா. சும்மாதான் வந்தேன். நாஷ்டா ஆச்சா? ஒரு டீ போடேன், குந்திக்கினு பேசலாம்."

அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். லீவு நாளில் இப்போதும் எட்டிப் பார்க்கிறாள். மற்றப் பகல்கள் எனக்குத் தனியாகத்தான் கழிகின்றன. ஒரு மனுஷத்துணை வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டு, வேண்டாத தண்ணீருக்காக அத்தனை நாள் வரிசையில் நின்றேனே என்று நினைத்தால், என்மேல் எனக்கே பாவமாக இருக்கிறது.