ராத்தாவின் ஒரு மணித்தியாலம்

என் ராத்தாவின் வலக்கை மூடியபடியே இறுகிப்போனதற்கு நான் காரணம். அவருக்குத் தரவேண்டிய ஒரு மணித்தியாலத்தை நாள்தோறும் திருடி, அந்த நேரத்தில் நான் நடந்து மகிழ்ந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னைப் பார்த்ததில்லை என்பதால்தான். எங்கள் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னை நல்லவள் என்கிறார்கள்!

எனக்கு நாற்பத்தெட்டு வயது. ராத்தா, என் உடன்பிறந்த அக்கா, ஒன்பது வயது மூத்தவர். போர்க்காலத்தில் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு வந்து, தில்லையடியில் குடியேறிய காலத்திலிருந்து எங்கள் இருவர் வீட்டுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைதான் தூரம்.

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கை தேறவில்லை. விரல்கள் உள்நோக்கி மடங்கியே கிடந்தன.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் மிஸ் மிகத் தெளிவாகச் சொன்னார்: "முதல் மாசங்கள்தான் முக்கியம். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் விரல விரிச்சு மடக்க வேணும், கையத் தூக்க வேணும். விட்டா இறுகிப் போயிரும்." நாள்தோறும் செய்ததற்கு அடையாளமிட ஓர் அட்டையும் தந்தார்.

ராத்தாவின் மகள் ஷிப்னா கற்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும். "நான் செய்றன் மகள், நீ போ" என்று நானேதான் முன்வந்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை!

முதல் இரண்டு கிழமை ஒழுங்காகச் செய்தேன். ராத்தாவின் ஆசை ஒன்றுதான். வலக்கையால் சோறு பிசைந்து சாப்பிட வேண்டும். இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவது அவருக்கு அவமானமாக இருந்தது. யாராவது வந்தால் தட்டை மூடிவைத்துவிடுவார். அந்த ஆசையில், நான் விரலை விரிக்கும்போது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார்.

ஒருநாள் நான் போனபோது அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதால் நடக்கச் சொல்லி கிளினிக்கில் எத்தனையோ தடவை ஏசியிருந்தார்கள். சரி, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம் என்று உப்புநீர்க் களப்போரம் போனேன்.

அன்றைக்கு எனக்கு என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வேன்...

பாடசாலையில் நான் வேகமாக ஓடுகிறவள். பெரிய பிள்ளையான பிறகு ஓட விடவில்லை. அதன்பின் இந்த உடம்பை வேலைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வருத்தத்துக்கும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அன்று உப்பளத்தைத் தாண்டி நடந்தபோது காற்று அபாயாவைப் பின்னால் இழுத்தது. கழுதைகள் இரண்டு வழிவிட்டு நின்றன. மூச்சு வாங்கியது, ஆனால் அது களைப்பாக இல்லை. இன்னும் வேகமாகப் போகலாம் என்று கால்கள் கேட்டன. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயமானதும் கொஞ்சத் தூரம் ஓடினேன். ஓடிவிட்டுச் சிரித்தேன். தனியாக!

மறுநாள் நடந்துவிட்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். அரை மணித்தியாலம் பயிற்சி. அடுத்த வாரம் பத்து நிமிடம். பிறகு, "கை நோகுதா ராத்தா? நாளைக்குச் செய்வமா?" என்று கேட்கத் தொடங்கினேன். நோவில் இருப்பவரிடம் அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா?

"ஓம் புள்ள, நாளைக்குச் செய்வம்" என்பார். சில நாட்களில் இடக்கையால் வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

அட்டையில் மட்டும் தவறாமல் அடையாளமிட்டேன். ஒரு நாள் நீலப் பேனாவால், ஒரு நாள் கறுப்புப் பேனாவால்... உண்மையாகத் தெரியவேண்டுமே! ராத்தா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன். ஆனாலும் என் கை நிற்கவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. என் சீனி குறைந்தது. முழங்கால் வலி போனது. "சாச்சி, நீங்க நல்லா மெலிஞ்சு போனீங்க. உம்மாவுக்காக எவ்வளவு கஷ்டப்படுறீங்க" என்று சொல்லி ஷிப்னா எனக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கித் தந்தாள். வாங்கிக்கொண்டேன். காலுக்கு அளவாக இருந்தது. அடுத்த நாளே அதைப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்கும் அப்பால் நடந்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று இப்போது உங்களுக்குப் புரிகிறதா?

கிளினிக் நாளன்று மிஸ் ராத்தாவின் விரல்களை விரித்துப் பார்த்தார். விரியவில்லை. ராத்தா வலியில் முனகினார். மிஸ் அட்டையை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஒரு நாளும் விடாமச் செய்தீங்களா?"

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். அப்போதாவது!

"ஓம் மிஸ்" என்றார் ராத்தா. "தங்கச்சி ஒரு நாளும் விடல்ல."

மிஸ் பெருமூச்சு விட்டார். "இவ்வளவு செய்தும் இப்பிடியெண்டா, இதுக்கு மேல பெருசா எதிர்பார்க்க ஏலாது. இனி நோவு கூடாமப் பார்த்துக்கொள்ளுவம்." அடுத்த தவணையைத் தள்ளிப் போட்டார். என் பொய் அட்டையை நம்பி ராத்தாவின் கையைக் கைவிட்டார்கள்... அவர்கள் மீது என்ன குற்றம்?

ஓட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டில் அவரைக் கதிரையில் இருத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் ராத்தா அப்பிடிச் சொன்னீங்க?"

"மிஸ்ஸுக்கு முன்னால உன்னக் காட்டிக்குடுக்கவா?"

"வீட்டுலயும் ஒரு வார்த்த ஏசல்லையே..."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஏசினா நீ வராம விட்டுருவாய் எண்டு பயந்தன். ஷிப்னா போனா இந்த வீட்டுல நான் தனிய. நீ கொஞ்ச நேரம் வந்து இருந்தாலே போதும் எண்டு நினைச்சன்."

பாசத்தால் பொறுத்தேன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பயந்தாராம்! என்னை வளர்த்தெடுத்த ராத்தா, எனக்குப் பயந்திருக்கிறார்!

மறுநாளிலிருந்து ஒரு மணித்தியாலம் முழுமையாகச் செய்கிறேன். இன்றுவரை விடவில்லை. கண்ணீர் வழிய அவர் கையைத் தருகிறார். விரல்கள் கொஞ்சம் விரிகின்றன; விட்டதும் மூடிக்கொள்கின்றன. ஆரம்பத்திலேயே செய்திருந்தாலும் விரிந்திருக்காதோ? இருக்கலாம். இறைவனுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சந்தேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும் உரிமை எனக்கில்லை. நான் ஒழுங்காகச் செய்து பார்க்கவே இல்லையே...

தொழுகையில் தவ்பா கேட்கிறேன். ராத்தாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "விடு புள்ள" என்றார். விடு என்றால் மன்னித்தேன் என்று பொருளா? கேட்கத் துணிவில்லை.

நடப்பதை நான் நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இப்போது பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பின் போகிறேன். குற்றவுணர்வு அந்த இன்பத்தைக் கெடுத்துவிடும் என்று எதிர்பார்த்தேன். கெடுக்கவில்லை! களப்புக் காற்று முகத்தில் பட்டதும் எல்லாம் மறந்துபோகிறது. நேற்றும் மறந்துபோனது.

ஷிப்னாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாயெடுத்து நிறுத்தியிருக்கிறேன். அவள் என்னை வெறுப்பாள் என்ற அச்சமென்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இல்லை... அது தெரிந்தபின் இந்த ஊரில் எந்த முகத்தோடு நான் களப்போரம் நடக்கப் போவது? அதுதான் என் பயம். இன்றைக்கும் அது ஒன்றுதான்!