சோபா சுத்தி வந்த தேத்தண்ணி

தங்கச்சிய இன்னைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு, கேகாலையில ஒரு எல் வடிவ டிசைனர் சோபா வாங்கிட்டு வந்தேன். கடையில பார்க்கும்போது சின்னதாத்தான் இருந்துச்சு.

தேயிலைத் தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின எங்க லயத்து வீட்டுக்குள்ள போட்டதும், சமைக்கிற குசினிக் கதவுக்குக் குறுக்க நின்னுடுச்சு. திருப்பிப் போட்டா வாசக்கதவு போச்சு.

மாப்பிள்ளை வீட்டாளுங்க ஜம்முன்னு உட்கார்ந்துட்டாங்க. அவங்க தலைக்கு மேலால தேத்தண்ணி நீட்ட முடியுமா? குசினியில இருந்த தங்கச்சி தட்டோட பின்கதவால இறங்கி, லயத்தையே சுத்தி முன்வாசலுக்கு வந்தா.

வழி நெடுக வேடிக்கை பார்க்க ஆளுங்க. "எங்களுக்குமா புள்ள?"ன்னு ஆளுக்கொரு கோப்பைய எடுத்துக்கிட்டாங்க. வெக்கத்துல இவ தலையே நிமிரல.

உள்ள வந்தப்ப தட்டுல ஒரே கோப்பை. நேரா மாப்பிள்ளைகிட்ட நீட்டிட்டா.

மாப்பிள்ளையோட அம்மா சோபாவத் தடவிக்கிட்டே, "பொண்ணு புடிச்சிருக்கு. இதுவும் கூட வருமா?"ன்னாங்க.

குசினிக்குள்ளயே நின்ன எங்கம்மா, சோபாவுக்கு மேலால எட்டிப் பார்த்து, "மொதல்ல அதக் கொண்டு போங்க சம்பந்தி!"ன்னுச்சு.

கல்யாணம் தையில. சோபா நாளைக்கே புகுந்த வீட்டுக்குப் போகுது. லொறி வச்சிருக்கவங்க இன்பாக்ஸ் வாங்க.