இரண்டு வரிசை சூரியகாந்தி

சங்கரன்கோவில் வீட்டுக்கு லீவில் வந்த என் மகள், வறுத்த சூரியகாந்தி விதைப் பாக்கெட்டைப் பிரித்து எனக்கும் கொஞ்சம் கொடுத்தாள். கடித்த முதல் விதையே பொக்கு. உள்ளே பருப்பே இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. திருவேங்கடம் ரோட்டில் எங்கள் கரிசல் காடு முழுக்கச் சூரியகாந்தி பூத்திருந்தது. அந்த வருஷம் தேனீக்கள் குறைவு. அதனால் உள்ளங்கையில் வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பூவின் முகத்தையும் மெல்லத் தடவிக்கொண்டே போக வேண்டும். ஒரு பூவின் மகரந்தம் அடுத்த பூவில் ஒட்டினால்தான் விதை பிடிக்கும். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகுமுன் செய்யச் சொல்லி அம்மா எனக்கு இரண்டு வரிசை ஒதுக்கினாள். இலையின் சுணை பட்டுக் கழுத்தெல்லாம் அரிக்கும் என்று, ஒரு பூவைக்கூடத் தொடாமல் வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, "முடிச்சிட்டேம்மா" என்றேன். மூன்று நாளும் அப்படித்தான்.

அறுப்பன்று அப்பா என் வரிசைப் பூக்களைக் கிள்ளிப் பார்த்தார். எல்லாம் பொக்கு.

"இந்த ரெண்டு வரிசை மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

"அங்கன தேனீ எறங்கல போலுக்கு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

இப்போது கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அந்த ரெண்டு வரிசையை நான் தொடவே இல்ல."

"தெரியும்ட்டி. துணியைத் துவைச்சது நான்தானே. மூணு நாளும் மகரந்த மஞ்சளே ஒட்டாம வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"பிறகு ஏம்மா கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அதுக்குள்ள பூ முத்திப்போச்சு."