மிளகாய் மில்லில் நான் சொன்ன பொய்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகாய்ப் பொடி மில்லில் அலுவலக வேலையில் இருந்தேன். நான் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். அரைக்கும் பகுதியில் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மில்லுக்குப் பின்னால் இரண்டே அறைகளில் தங்கியிருந்தார்கள்.

நெடி தெருவுக்குப் போனால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள் என்று, அரைக்கும்போது கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். அவர்கள் இருமுவது என் ஏ.சி. அறை வரை கேட்கும். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

ஒருநாள் காலை தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். காசர்கோட்டுக்காரர், தமிழ் சரியாகப் பிடிபடாது. மொழிபெயர்த்துச் சொல்லும்படி மேலாளர் என்னை முன்னால் நிறுத்தினார். நிறுத்தும்போதே ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரிந்தது.

அதிகாரி, அங்கே எட்டு வருடமாக வேலை செய்துவந்த ஓர் அக்காவிடம் வேலையில் என்ன சிரமம் என்று கேட்டார். அவர் தயங்காமல் சொன்னார்: “உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் நெஞ்செரிச்சல்தான். இருமி இருமி விலா வலிக்குது. புழுதிய வெளிய இழுக்க ஒரு ஃபேன் போடச் சொல்லுங்க.”

நான் மலையாளத்தில் சொன்னது இவ்வளவுதான்: லேசாக இருமல் உண்டு, மற்றபடி குறையில்லை.

அதிகாரி எழுதப் போனார். “சாரே, ஞான் பறஞ்ஞது அதல்ல” என்றார் அக்கா, நான் சொன்னது அதில்லை என்று மலையாளத்திலேயே. அவருக்கு மலையாளம் தெரியும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எனக்கு முகம் சுட்டது.

அக்கா அத்தோடு விடவில்லை. எங்கள் மூவரையும் உள்ளே அழைத்துப்போய், கதவைச் சாத்தி, மிஷினைப் போட்டார். ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. கண்ணீரும் தும்மலுமாக நானும் அதிகாரியும் மேலாளரும் வெளியே ஓடிவந்தோம். முகத்தில் துணி கட்டியிருந்த அக்கா மிஷினை நிறுத்திவிட்டு நிதானமாக வந்தார்.

மறுநாள் மேலாளர் அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார். மற்ற பதினொரு பேரும் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்துக்குள் அவரைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்தில் புழுதியை இழுக்கும் விசிறிகள் வந்தன, நல்ல முகக்கவசம் வந்தது. தங்கும் அறைகள் மட்டும் மாறவில்லை. அதற்கும் அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, குடித்துக்கொண்டிருந்த சாயாவில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். “பயந்துட்ட மோளே. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு” என்றார்.

வேலை போனால் தங்க இடம்கூட இல்லாதவர் உண்மையைச் சொன்னார். சொந்த வீடு இருந்த நான் பொய் சொன்னேன் என்பதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.