அம்மா பாதியில் சொன்ன சாட்சி

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். பாயில் அம்மா எலிசம்மாள். தலைமாட்டில் நான். கதவோரம் நைனா, என் அப்பா. ஜெபிக்க வந்த உபதேசியார். ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் வந்து, ஜெபம் முடியட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்ற கம்பவுண்டர் காதர் பாய். அம்மா பக்கத்தில் சாம்பல் போட்ட கொட்டாங்கச்சி இருந்தது. அதில் ரத்தம்.

எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாதம்.

அன்பான சபையாரே, நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள். களை எடுக்கத் தெரியும், கோர்வையாக எழுதத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. மேகம் கறுத்தால் கூரை போச்சு என்று நினைப்பேன். நைனா வர நேரமானால் ஏரியில் விழுந்துவிட்டார் என்று நினைப்பேன். அந்தப் பயம்தான் என் அம்மாவை அந்தப் பாயில் கொண்டுவந்து போட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முந்தின ஆடியில் அம்மாவுக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து டி.பி. என்றார்கள். ஒன்றரை வருஷம் மருந்து. முதலில் தினமும் ஊசி, பிறகு மாத்திரை. கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். மாத்திரை வாங்கும்போதெல்லாம் காதர் பாய் அதில் குறி போடுவார். அன்றைக்கே நான் ஒரு பொருத்தனை செய்தேன். ஆண்டவரே, இருமல் நின்றால் அறுப்பின் பண்டிகையில் அம்மா உமது சபைக்கு முன் நின்று சாட்சி சொல்லுவாள் என்று.

கார்த்திகையில் இருமல் நின்றது. தையில் பண்டிகை வந்தது. அம்மா தயங்கினாள்.

"மருந்து முடியட்டும்டீ சாராளு. இன்னா அவசரம்?"

எனக்குத் தாங்கவில்லை. சொன்ன நாளில் சொல்லாவிட்டால் ஆண்டவர் நோயைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அழுதேன், சாப்பிடாமல் அடம் பிடித்தேன். கடைசியில் அம்மா சபை நடுவில் எழுந்து நின்று, "எனக்குப் பூரண சுகம் கெடச்சிடுச்சி" என்று சொன்னாள். எல்லோரும் கை தட்டினோம். பிறகு காணிக்கைக் காய்களை ஏலம் விட்டார்கள். அம்மா கொண்டுபோய் வைத்த பூசணிக்காயை நைனாவே இருபத்தைந்து ரூபாய்க்கு எடுத்தார். அவருடைய ஒரு நாள் கூலி மூன்று ரூபாய்.

"உன் வூட்டுக் காய நீயே ஏலம் எடுக்கிறியே, பித்து புடிச்சிக்கிச்சா?" என்று கேலி செய்தார்கள்.

"பொண்டாட்டி பொழச்சி வந்துகீறாய்யா. எழுதிக்கோங்க, கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்" என்றார் நைனா.

மறுநாளிலிருந்து அம்மா மாத்திரையைத் தொடவில்லை. எனக்குத் தெரியாது. நான் அட்டையைப் பார்க்கவும் இல்லை. எல்லாவற்றுக்கும் பயந்த நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை. இரண்டு மாதத்தில் ரத்தம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் காதர் பாய் உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, ரெண்டு மாசமா ஆளக் காணோம். அட்டையில குறியே இல்ல. பேஜார் பண்ணிக்கினு கீறியே, உசுரு உன்னுதா என்னுதா?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. உபதேசியாரைப் பார்த்துப் பேசினாள். "ஐயரே, சபை முன்னாடி சுகம்னு சொன்னேன். இப்போ மாத்திரைய முழுங்கினா ஆண்டவர நான் பொய்யராக்குறேன். செத்தாலும் அத செய்ய மாட்டேன்."

உபதேசியார் சொல்லிப் பார்த்தார். நைனா கோபித்துப் பார்த்தார். நான் காலைப் பிடித்தேன். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். காதர் பாய் மாத்திரைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, "இதுக்கு மேல நாள் கடத்தாதீங்க" என்று போய்விட்டார்.

எனக்கு உலகம் இருண்டது. அம்மா செத்தால் நான்தான் கொன்றவள். சனிக்கிழமை நைனாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். நைனா எங்கள் ஊர் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை மடை திறந்து கழனிக்குக் கழனி பாய்ச்சுவது அவர் வேலை. வரப்பில் உட்கார்ந்து நான் அழுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நெல்லு பால் புடிச்சிக்கினு கீது. கதிர்தான் வந்துட்ச்சேன்னு இப்போ மடைய அடைச்சா இன்னா ஆவும்?"

"பதராப் பூடும்."

"அதான் ஆச்சி. நீ கதிரப் பாத்துட்டு அறுப்புன்னு சொன்ன. ஊரு கை தட்டிச்சி. நான் கூறுகெட்டவன், ஏலம் எடுத்தேன்."

அங்கேயே சேற்றில் முழங்கால் போட்டேன். அதுவரை அம்மாவுக்குச் சுகம் கொடும் என்றுதான் கேட்டிருந்தேன். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. ஆண்டவரே, அம்மாவின் வாயைத் திறந்துவிடும், அதற்கு நான் என்ன செய்ய வேண்டுமோ காட்டும் என்று கேட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று உடனே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். "எங்கம்மா பொய் சொல்லல. பாதி நடந்தத முழுசா நடந்துட்ச்சின்னு சொல்ல வெச்சது நான்தான். பயத்துல செஞ்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க" என்றேன். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் அழுதாள்.

ஆராதனை முடிந்ததும் உபதேசியார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பாய் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சபையில் எழுந்து நின்று சொன்னதை அம்மாவிடம் சொன்னார்.

"எலிசம்மா, மருந்து முடிஞ்சிதான்னு அன்னிக்கே நான் கேட்டிருக்கணும். கேக்கல, என் தப்பும் இருக்குது. நீ சொன்னது பாதிச் சாட்சி. அத சபை பத்திரமா வெச்சிக்கினு இருக்கும். மீதிய முழுங்கிட்டு வந்து சொல்லு."

அம்மா மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயாடீ எழுந்து நின்ன? எலி ஓடினாலே பொட்டி மேல ஏறி நிப்ப நீ."

"காலு நடுங்கிச்சிம்மா."

"நடுங்கியிருக்கும், நடுங்கியிருக்கும்." கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "தண்ணி கொண்டா."

என் ஜெபத்துக்குப் பதில் அந்த இரண்டு வார்த்தைதான். அதைவிடப் பெரிய சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

மருந்து முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி ஊசி, மறுபடி மாத்திரை. ஒவ்வொரு மாத்திரைக்கும் நாங்கள் ஒரு சின்ன ஜெபம் சொன்னோம். ஒன்றரை வருஷம் முடிந்து, கட்டம் முழுவதும் குறி நிரம்பிய அட்டையைக் காதர் பாய் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தப் பக்கம் வராதம்மா" என்றார். அடுத்த ஞாயிறு அம்மா எழுந்து மீதிச் சாட்சியைச் சொன்னாள். இப்போது களை எடுக்க எனக்கு முன்னால் போகிறாள்.

எனக்குப் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதுவும் பாதிச் சாட்சியாகிவிடும். ஆனால் பயம் வந்தால் இப்போது ஆண்டவரிடம் நாள் குறிப்பதில்லை. உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால், நீங்களும் அவர் கையில் விட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். மருந்தைக் கையிலெடுத்தே ஜெபியுங்கள். அவர் கடைசி வரைக்கும் செய்து முடிப்பார்.

நைனா எடுத்த பூசணிக்காய்க் கணக்கை அடித்துவிடலாம் என்று உபதேசியார் சொன்னார். அம்மா சம்மதிக்கவில்லை. சபை முன்னால் சொன்னது எதுவும் பாதியில் நிற்கக் கூடாது என்கிறாள். போன ஞாயிறு வரை இருபத்தொரு ரூபாய் கட்டியிருக்கிறோம். இன்னும் நாலு ரூபாய் பாக்கி.