சுதந்திர தினத்தில் நான் முடித்துவைத்த பேச்சு

ஒன்பது வயதுவரை என் அப்பாவை நான் யாருடனும் பங்கு போட்டதில்லை. பிறகு ஒரு சுதந்திர தினம் வந்தது.

பாடசாலை விழாவில் பேசுவதற்குப் பெரியம்மாவின் மகளைத் தெரிந்தெடுத்தார்கள். அவளும் நானும் ஒரே வகுப்பு. அவள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். குரல் மட்டும் சின்னது. வகுப்பில் வாசித்தால் கடைசி வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்காது. நான் கூப்பிட்டால் துறைமுகத்தில் நிற்கும் கப்பலும் திரும்பிப் பார்க்கும் என்று அம்மாவே சொல்வார். ஆசிரியர்கள் ஆள் மாறித் தெரிந்தெடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்தது, அப்பாவே பாடசாலை அதிபரிடம் போய் அவளுக்காகக் கேட்டிருக்கிறார்.

பேச்சை எழுதியதும் அப்பாதான். துறைமுகத்தில் கிளாக்கர் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அவளைக் கதிரையில் ஏற்றிப் பேசவைப்பார். உப்புவெளியிலிருந்து அவளை பஸ்ஸில் கூட்டிவரும் பெரியம்மா, குசினியில் அம்மாவோடு அடுப்பருகே இருப்பார். நாங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது ஒருநாள் காலை வேலைக்குப் போன பெரியப்பா திரும்பி வரவேயில்லை. அவருடைய படமும், அவரைத் தேடித் தரச்சொல்லி அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் கொடுத்த கடிதங்களின் பிரதிகளும் பெரியம்மாவின் பைலில் இருந்தன. அந்த பைல் இல்லாமல் பெரியம்மாவை நான் கண்டதில்லை. அதனாலேயே அதைப்பற்றி யோசித்ததுமில்லை.

நான் யோசித்ததெல்லாம் அப்பாவின் கையைப் பற்றித்தான். அவள் ஒரு வரியைச் சரியாகச் சொன்னால் அந்தக் கை அவள் தலையைத் தடவும். நான் கணக்கில் நூறு எடுத்த அன்றுகூட எனக்கு அத்தனை தடவல் கிடைக்கவில்லை. குசினி வாசலில் நின்று கேட்டே முழுப் பேச்சையும் பாடமாக்கினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டும் விட்டேன்.

"என்ட குரல்தானே பெரிசு. நான் பேசினா என்னப்பா?"

"ஓம், உன்ட குரல் பெரிசுதான். ஆனா இதை அவள்தான் பேசவேணும்."

கடைசி நாள் ஒத்திகைக்கு அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நெடுநேரம் சத்தமே கேட்கவில்லை. பேச்சு இல்லாமல் அப்படி என்ன பழக்குகிறார் என்று, கதவுக்கு வெளியே நின்று அழுதேன்.

விழாவன்று துறைமுகத்துக் கப்பல்களில் வரிசையாகக் கொடிகள் கட்டியிருந்தார்கள். மைதானத்தில் பாற்சோற்று வாசம். முன்வரிசையில் பெரிய பெரிய அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால் பெரியம்மா, நல்ல சேலையோடும் மடியில் பைலோடும். கொண்டாட்டத்துக்கு எதற்கு பைல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் நன்றாகத்தான் பேசினாள். இந்த நாட்டில் பிறந்த எல்லாரும் சமம் என்றாள். யாரும் யாருக்கும் பயப்படத் தேவையில்லை என்றாள். "நம் வீட்டில் ஒருவருக்கு ஒன்று நடந்துவிட்டால்..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைதானம் அடங்கிப்போயிற்று. ஓர் அதிகாரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறந்துவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. பிள்ளைகளின் வரிசையை விட்டு இரண்டு அடி முன்னால் வந்து, என் முழுக் குரலில் முடித்துவைத்தேன்.

"நாடு பதில் சொல்லும். அதற்குப் பெயர்தான் சுதந்திரம்."

மைதானம் கைதட்டியது. நிமிர்ந்து உட்கார்ந்த அதிகாரி சிரித்தபடி கதிரையில் சாய்ந்து, அவரும் தட்டினார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அடுத்தது நடனம் என்று அறிவித்தார்கள். பெரியம்மா பைலை மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தார். நான் அப்பாவைத் தேடினேன். அவர் வேலியோரம் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாற்சோறு கொடுக்கும் வரிசையில் அவள் எனக்குப் பின்னால் நின்றாள்.

"நான் மறக்கேல்லை," என்றாள். "சித்தப்பாதான் அந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டு, ஆராவது பதில் சொல்லுமட்டும் முன்வரிசையில இருக்கிறவையளைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொன்னவர்."

பாவம், அவளுக்கு என்மேல் பொறாமை என்று நினைத்தேன்.