பானு அக்கா முதல் மாதமே சொன்னார்

பானு அக்கா இறந்துவிட்டார்.

இன்று காலை அவர் நம்பரிலிருந்தே மெசேஜ் வந்தது. மகள் அனுப்பியிருந்தார். "அம்மா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். அம்மா போன்ல இருக்கற எல்லாருக்கும் அனுப்பறேனுங்க."

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. மண்ணரைப் பகுதியில் நான் வாங்கிய, வரிசையாக ஒட்டியிருக்கும் நான்கு லைன் வீடுகளில் முதலில் குடிவந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் கண்ணுக்குத் தப்பாது.

எனக்கு அப்போது வாடகை வீடு பற்றி ஒன்றும் தெரியாது. நாலைந்து யூடியூப் வீடியோ பார்த்திருந்தேன், அவ்வளவுதான். வெள்ளை அடித்தேன், கேட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். வயரிங் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குடிவந்த முதல் மாதமே அக்கா போன் செய்தார்.

"தம்பி, மோட்டார் ஓடறப்ப பாத்ரூம் குழாயத் தொட்டா சுருக்குனு இழுக்குதுங்க. ஒருக்கா ஆளு அனுப்பிப் பாருங்க."

நான் சொன்ன பதிலை எழுதவே கூசுகிறது...

"செருப்புப் போட்டுட்டுத் தொடுங்க்கா."

சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த வாரம் மறுபடி போன். அதற்கடுத்த வாரமும். பிறகு அவர் பெயரைப் பார்த்தாலே போனை சைலன்ட்டில் போட்டேன். 'தொல்லை பிடித்த ஆள்' என்று முடிவு கட்டிவிட்டேன்.

சொந்தக்காரர்கள் குடிவருகிறார்கள் என்று பொய் சொல்லி, காலி பண்ணச் சொன்னேன்.

"புள்ளைக்குப் பரீட்சை முடியற வரைக்கும் இருந்துக்கட்டுங்களா தம்பி?"

முடியாது என்றேன். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை.

சாவி கொடுக்க வந்தவர், வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வர்றவங்ககிட்ட அந்தக் குழாய மட்டும் மறக்காமச் சொல்லீருங்க."

தலையாட்டினேன்.

அந்த வாரம்தான், 'புதிதாக வீடு வாடகைக்கு விடுகிறீர்களா?' என்ற அந்தப் பதிவை எழுதினேன். உங்களில் பலர் ஷேர் செய்தீர்களே, அதேதான். 'முதல் மாதமே குறை சொல்ல ஆரம்பிப்பவரை உடனே மாற்றிவிடுங்கள்' என்று அதில் இருப்பது பானு அக்காவைப் பற்றி.

அடுத்துக் குடிவந்தவர்கள் செல்வியும் அவர் கணவரும். தென்காசிப் பக்கம். செல்வி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைக்கும் டெய்லர். குழாயைப் பற்றி அவர்களிடம் நான் வாயே திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு காலை. யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். ஈரக் கையோடு செல்வி குழாயைத் திறந்திருக்கிறார். ஷாக் அடித்துக் கை குழாயோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்ததால் செல்வி உயிர் பிழைத்தார். விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

எலக்ட்ரீஷியன் சுவரை உடைத்துப் பார்த்தார். "அண்ணா, மோட்டார் ஒயரு உள்ளுக்குள்ள உரிஞ்சு இரும்பு பைப்புல பட்டுட்டு இருக்குதுங்க. எர்த்தே இல்லீங்க. இத்தன நாளு யாரும் சாகாம இருந்ததே பெருசு."

அரை நாளில் சரி செய்துவிட்டார். அரை நாள் வேலை...

ஆஸ்பத்திரி வராண்டாவில் செல்வியின் கணவர் கேட்டார். "முன்ன இருந்தவங்க இதப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா அண்ணாச்சி?"

"ஒரு வார்த்த சொல்லலீங்க" என்றேன்.

இதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

செல்வியின் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. மெஷினில் உட்கார முடியாது. இப்போது, தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும், கூலி குறைந்த வேலைக்குப் போகிறார்.

போன வருஷம் நல்லூர் பஸ் ஸ்டாப்பில் பானு அக்காவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே வந்து பேசினார். வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் குழாயச் சரி பண்ணீட்டீங்களாங்க தம்பி?"

"அப்பவே பண்ணீட்டேங்க்கா."

"நல்லதுங்க. அடுத்து வர்றவங்க தொட்டுருவாங்களோன்னு நெனச்சுட்டே இருந்தேனுங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வீடு விடுவது பற்றி இன்னும் இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். சாவி கொடுப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் எர்த் பாருங்கள். ஷாக் அடித்தால் தானாகவே கரண்ட்டை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். குடியிருப்பவர் போன் செய்தால் எடுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லைதான். பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் கீழேயே இதையும் போடுகிறேன்.

மெசேஜைப் பார்த்ததும் நேராகச் செல்வி வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அந்த அக்கா வீடு எங்க இருக்கு?" என்று செல்வி கேட்டார்.

நல்லூருக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என் பக்கம் திரும்பவே இல்லை.

செல்வி உள்ளே போய் அக்காவின் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஒங்க அம்மா அந்தக் கொழாயப் பத்திச் சொல்லியிருக்காவ தாயி. எனக்குத்தான் வந்து சேரல."

மகள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடக்கத்தில், தள்ளி நின்ற என்னையும் மண் போடக் கூப்பிட்டார்கள். போட்டேன்.

போய் வாங்க, பானு அக்கா.